நீர்வழி அறிந்து நிலம் அமைத்தல்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மேற்கு மாம்பலத்தின் தெருக்களில் நீர் தேங்குவது பலமுறை கண்ட காட்சியாகும். இருப்புப்பாதைக்குக் கிழக்கே பரந்திருந்த மாம்பலம் ஏரி, 1920களில் தூர்க்கப்பட்டுத் தியாகராய நகராயிற்று. நீர் சென்று தங்கிய இடம் மறைந்தது, மழை குறையவில்லை. சற்றுத் தொலைவில், நந்தனத்தில் காஸ்மாபாலிட்டன் கிளப்பின் கோல்ஃப் திடல் உள்ளது. அங்கும் அதே மழைதான். ஏறத்தாழ அதே தட்டையான நிலந்தான். இத்தகைய நிலத்தில் திடல் அமைப்போரின் முதற்கவலை பந்தன்று, நீரே.

சிறு பந்தைக் கோலால் அடித்துப் பதினெட்டுக் குழிகளில் அடுத்தடுத்து வீழ்த்தும் இவ்வாட்டம் ஸ்காட்லாந்தின் கடற்கரை மணல்மேடுகளில் வளர்ந்தது. அங்கு மேடுபள்ளங்களை இயற்கையே அமைத்துத் தந்தது. மணலும் நீரை உடனே உறிஞ்சிவிடும். 1829இல் கிளப் தோன்றிய கல்கத்தாவிலோ நிலம் சமதளம். எனவே அங்குள்ள திடலில் குளங்கள் மிகுதி. வெட்டிய மண் மேடாகும். வெட்டிய பள்ளம் வடிகாலாகும். ஏரியை வெட்டிய மண்ணாலேயே கரை உயர்த்திய தமிழருக்கு இம்முறை புதிதன்று.

வரைபடம் மட்டும் இப்பணிக்குப் போதாது. அமெரிக்க வடிவமைப்பாளர் பீட் டை, விரிவான வரைபடங்களைச் சாராமல், களத்தில் நின்றே திடலுக்கு உருக்கொடுத்தவர். மழை பெய்து ஓய்ந்ததும் நிலத்தில் நடந்து, நீர் எங்கே நிற்கிறது, எவ்வழி ஓடுகிறது என்று பார்த்து முளையடிக்க வேண்டும். மண்வாரி இயந்திரத்தை ஓட்டுபவரின் கைத்திறமும் இதில் வடிவமைப்பாளரின் அறிவுக்கு இணையானதே.

குழி அமைந்த பசும்பரப்பே மிக நுட்பமான பகுதி. அடியில் வடிகுழாய்கள், அவற்றின்மேல் 10 செ.மீ. சரளை, அதற்குமேல் 30 செ.மீ. மணற்கலவை. நுண்மணலில் உள்ள ஈரம் பெருங்கற்களின் இடைவெளிக்குள் எளிதில் இறங்காது. ஆகவே வேருக்கு வேண்டிய ஈரம் மணலிலேயே தங்கும். பெருமழையில் மணல் நிறைவுற்ற பின்னரே மிகுநீர் சரளைவழி விரைந்து வடியும். ஒரே அமைப்பு வறட்சிக்கும் வெள்ளத்திற்கும் விடையாகிறது! வெப்பநாட்டுத் திடல்களில் இதன்மேல் வளர்வது பெரும்பாலும் நம் அருகம்புல்லின் இனமே. சில மில்லிமீட்டர் உயரத்திற்குக் கத்தரித்தாலும் அது தழைக்கும். நீர் அரிதான இடங்களில் முற்காலத்தில் புல்லுக்கு மாற்றாக எண்ணெய் கலந்த மணலைப் பரப்பினர். அப்பரப்பைப் ‘பிரவுன்’ என்றழைத்தனர்.

எனினும், நெருக்கடி மிகுந்த நகரில் இத்துணை நிலம் சிலரது ஆட்டத்திற்கா, பலரது தேவைக்கா என்னும் வினா எழாமல் இராது. கிண்டி குதிரைப்பந்தயத் திடலுக்குள் கோல்ஃப் ஆடுமிடமும் இருந்தது. 2024 செப்டம்பரில் அத்திடலின் 160 ஏக்கர் நிலத்தை அரசு தன்வயப்படுத்தியது. சுற்றுப்புறங்களின் வெள்ளத்தைக் குறைப்பதற்காகப் பின்னர் அங்கு வெட்டப்பட்டவை, குளங்கள்.