கர்ப்பகாலக் குருதியமுக்கமும் தந்தைவழிப் பரம்பரையும்

முதற்கர்ப்பத்தில் ஒரு பெண்ணுக்குக் குருதியமுக்கம் உயருமாயின், தாய்க்கு இருந்ததால் மகளுக்கும் வந்தது என்று கூறுவோர் திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய ஊர்களிலும் உளர். இக்கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் அது பாதி உண்மையே என்பதை ஈண்டு எடுத்துக்காட்ட முனைகின்றோம்.

கருவுற்று 20 வாரங்களின் பின் குருதியமுக்கம் 140/90 என்னும் அளவை எட்டிச் சிறுநீரிற் புரதமும் வெளிப்படுதல் முன்சூல்வலிப்பின் வழமையான அடையாளமாகும். அது முற்றின் வலிப்புத் தோன்றித் தாய், சேய் இருவரது உயிருக்கும் ஊறு நேரலாம். அமெரிக்க ஆய்வாளர் செஸ்லி, வலிப்புக் கண்ட தாய்மாரின் சந்ததியைப் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். அவர்தம் மகள்மாரிடையே நூற்றுக்கு 26 பேர் அளவில் இந்நோய் காணப்பட்டது. மருமகள்மாரிடையே மிகக் குறைவாகவே இருந்தது.

ஆயின், 2004இல் வெளியான சுவீடிய ஆய்வு, நோய்க்கு ஏதுவாகும் வேறுபாட்டில் 35 வீதத்தைத் தாயின் பரம்பரையலகுகளுக்கும் 20 வீதத்தைச் சிசுவின் பரம்பரையலகுகளுக்கும் உரியதாகக் கணித்தது. சிசு பெற்றவற்றிற் பாதி தந்தை தந்தவை அல்லவா? நஞ்சுக்கொடியென வழங்கும் சூல்வித்தகத்தின் பெரும்பகுதி சிசுவின் வழிவந்த கலங்களால் ஆனது. அக்கலங்கள் கருப்பையின் குருதிக்குழாய்களை ஊடுருவி விரிக்கத் தவறின், சூல்வித்தகம் போதிய குருதி பெறாது. அப்போது அது மிகுதியாக வெளிவிடும் புரதமொன்று தாயின் குருதிக்குழாய்களைத் தாக்குகின்றது. அப்புரதத்துக்குரிய எவ்.எல்.ரி.1 என்னும் பரம்பரையலகின் அருகே சிசுவிடம் அமையும் மாறுபாடொன்றுக்கும் இந்நோய்க்கும் தொடர்புண்டு என்பது 2017இல் வெளிப்பட்டது. இந்நோயுற்ற தாய்க்குப் பிறந்த ஆண்களின் மனைவியர்க்கு இந்நோய் கூடுதலாக ஏற்படுவதை 2001இல் வெளியான யூட்டா மாநில ஆய்வும் காட்டியது.

கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்து ஆய்வாளரும் சிங்களப் பெண்களிடையே இத்தகைய பரம்பரையலகுகளை ஆராய்ந்துள்ளனர். எனினும், தனியொன்றைக் காரணமெனச் சுட்டுதற்கு இடமில்லை. சிறு செல்வாக்குகள் பலவற்றின் கூட்டே ஈண்டு பரம்பரை எனப்படுவது. ஆகவே பெண்ணை மட்டும் குறைகூறுதல் அறிவியலுக்கு ஒவ்வாது.

கிழக்கிலங்கையில் மணமகன் பெண்வீட்டிற் குடிபுகும் வழக்கம் பரவலானது. கர்ப்பவதியின் தாய் உடனிருப்பாள். கணவனின் தாயோ வேறிடத்தில் இருப்பாள். ஆதலின் தந்தைவழி வரலாறு பதிவில் விடுபடுதல் எளிது. கணவனைச் சுமந்த காலத்தில் அவன் தாய்க்கு இந்நோய் இருந்ததா என்பதையும் மருத்துவமாது முதற் சந்திப்பிலேயே வினவுதல் வேண்டும். ஆபத்து மிகுந்தோர்க்கு, 16ஆம் வாரத்துக்கு முன்னரே மருத்துவர் சிற்றளவு அஸ்பிரினைத் தொடங்கின் நோய் ஏற்படும் வாய்ப்புக் குறைகின்றது. காலந்தாழ்த்திக் கேட்கும் வினாவாற் பயன் சிறிதே.