சிவப்புக் கொடி நாட்கள்

நான் பிறந்தது கன்னியாகுமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழிப் பக்கம். கணவாய்க் காற்றில் தாவணியை இழுத்துப் பிடித்தபடி பள்ளிக்கூடம் போனவள். ஆனால் அந்தக் காற்றில் சாரல் இருக்கும். இப்போது நான் குடியிருக்கும் தெற்குக் கலிபோர்னியாவிலும் வீட்டுக்கு மேலே ஒரு கணவாய் உண்டு, கஹோன் என்று பெயர். அதன் வழியாக வருவது பாலைவனக் காற்று.

சாண்டா ஆனா என்பார்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை இதன் பருவம். நெவாடா, யூட்டா மேட்டுநிலத்தில் காற்றழுத்தம் கூடினால், அங்குள்ள வறண்ட காற்று மலையிடுக்குகளில் புகுந்து கடலை நோக்கி இறங்கும். இறங்க இறங்க அமுங்கும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சுடுமே, அதே சங்கதிதான். ஆயிரம் மீட்டர் இறங்கினால் சுமார் 10 டிகிரி செல்சியஸ் சூடு ஏறும். அந்த அளவுக்கு ஈரப்பதம் சரியும்.

அப்படிப்பட்ட நாள் விடியும்போதே தெரிந்துவிடும். உதடு வெடிக்கும். கார் கதவைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கும். வேலியோரச் சருகை விரலால் நசுக்கினால் மாவாக உதிரும். கம்பி அறுந்து தீப்பொறி பறக்கலாம் என்பதால் கரண்டை நிறுத்தக்கூடும் என்று போனில் செய்தி வரும். எனக்கு முதல் கவலை பிரிட்ஜில் இருக்கும் இட்லி மாவுதான்!

தேசிய வானிலை சேவை விடுக்கும் 'சிவப்புக் கொடி எச்சரிக்கை'யின் கணக்கு இங்கே பொதுவாக இதுதான்: ஈரப்பதம் 15 சதவீதம் அல்லது அதற்கும் கீழே, காற்றின் வீச்சு மணிக்கு 35 மைலுக்குக் குறையாமல், இரண்டும் சேர்ந்து ஆறு மணி நேரமாவது நீடிக்க வேண்டும். வெயில் எத்தனை டிகிரி என்ற பேச்சே இதில் இல்லை. காட்டுத்தீ என்றதும் கத்திரி வெயிலை நினைக்கும் நமக்கு இது பிடிபடச் சற்று நேரமாகும்.

2025 ஜனவரி 7, நம் கணக்கில் மார்கழி. முந்தைய இரண்டு குளிர்காலங்களில் பெய்த நல்ல மழையில் புல்லும் புதரும் மண்டியிருந்தன. அதன்பின் மே மாதம் தொடங்கி லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மையத்தில் அரை அங்குல மழைகூட இல்லை. எல்லாம் காய்ந்து நின்ற வேளையில் மலைப்பகுதிகளில் மணிக்கு 80 மைலைத் தாண்டி வீசியது காற்று. காலையில் பாலிசேட்ஸ் பகுதியில் தீப்பிடித்தது; மாலையில் அல்டடீனா என்ற ஊருக்கு மேலே ஈட்டன் பள்ளத்தாக்கில். தண்ணீர் கொட்டும் விமானங்களால் அன்றிரவு பறக்க முடியவில்லை. 16,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன; 31 பேர் இறந்தனர்.

இத்தனை வீடுகளைப் பற்றவைப்பது பெரும்பாலும் கங்குகள்தான். தீ வருவதற்கு வெகு முன்பே காற்றில் பறந்து வந்து, கூரையடிக் காற்றுத் துளைகளில் நுழைந்து வீட்டை உள்ளிருந்தே எரிக்கும். அதனால்தான் சுவரைச் சுற்றி ஐந்தடிக்கு எரியக்கூடிய எதையும் வைக்காதீர்கள் என்கிறார்கள். வாசலில் கிடந்த தேங்காய்நார் மிதியடியை நானும் எடுத்துவிட்டேன். கன்னியாகுமரிக்காரிக்கு வந்த சோதனை!

அல்டடீனாவில் தீ பிடித்தது மாலை ஆறேகால் மணிவாக்கில். ஊரின் மேற்குப் பகுதிக்கு வெளியேறும் உத்தரவு போனது அதிகாலை மூன்று மணிக்குப் பிறகு. அந்தத் தீயில் இறந்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் பகுதியினர், முதியவர்களே அதிகம். அதனால், இங்குள்ள பிள்ளைகள் வீட்டுக்கு வந்து தங்கும் பெற்றோர்களே, சிவப்புக் கொடி என்று கேள்விப்பட்டதும் பாஸ்போர்ட்டையும் மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு வாசலருகே வையுங்கள். புகை நெருங்கினால் உத்தரவுக்குக் காத்திருக்காமல் கிளம்புங்கள்.