தாலி கட்டும் நேரத்தில் படம் நிற்பது ஏன்?
கல்யாணக் காட்சியைக் கடல் கடந்து அனுப்பும் "ரிலே சர்வர்"

2022-ம் ஆண்டு மே மாதம் 15-ந் தேதி. ரோமாபுரியில் காலை 10 மணி. நாஞ்சில் நாட்டில் பகல் 1½ மணி.

வாத்திகனில் திருப்பலி தொடங்கியது. கன்னியாகுமரி மாவட்டம் நட்டாலத்தில் பிறந்த தேவசகாயத்தைப் புனிதர் என்று போப் பிரான்சிஸ் அறிவித்தார். 1752-ல் ஆரல்வாய்மொழியில் உயிர் நீத்தவர் அவர். அந்தக் காட்சியை மக்கள் வீட்டில் இருந்தபடியே அதே நேரத்தில் பார்த்தார்கள்.

நம் வீட்டுக் கல்யாணத்தையும் இப்படி அனுப்ப முடியாதா? துபாயில் வேலை பார்க்கும் அண்ணன், தங்கை கல்யாணத்தைப் பார்க்க வேண்டாமா? முடியும். ஆனால், தாலி கட்டும் நேரம் பார்த்துப் படம் அசையாமல் நின்று விடுகிறதே! காரணம் என்ன?

நூறு பேருக்கு ஒரே வழி

ஒருவருக்குப் படம் அனுப்ப வினாடிக்கு 3 மெகாபிட் தேவை என்று வைத்துக் கொள்வோம். மண்டபத்தில் இருந்தே 100 பேருக்கும் தனித்தனியாக அனுப்பினால் 300 மெகாபிட் வேண்டும். சாதாரண இணைப்பு இதைத் தாங்காது.

பேச்சிப்பாறை அணை 1906-ல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் தண்ணீரைக் கொண்டு வர ஒவ்வொரு விவசாயியும் தனிக் கால்வாயா வெட்டுகிறார்? ஒரே கால்வாயில் வரும் தண்ணீர் குளத்தை நிரப்புகிறது. குளத்து மடை வழியாகப் பல வயல்களுக்குப் பாய்கிறது.

படத்துக்கு அப்படி ஒரு குளம்தான் "ரிலே சர்வர்" என்னும் கம்ப்யூட்டர். டில்லிச் செய்தியை மற்ற ரேடியோ நிலையங்கள் அஞ்சல் செய்வது போல, இது படத்தை அஞ்சல் செய்கிறது. ஒரே ஒரு வித்தியாசம்: தண்ணீரைப் பங்கிட்டால் குறையும். படம் குறையாது!

அமைப்பது எப்படி?

வேகமான இணைப்பு உள்ள சர்வர் ஒன்றை மாத வாடகைக்கு எடுக்க வேண்டும். அதில் "என்ஜின் எக்ஸ்" என்ற இலவச மென்பொருளையும், "ஆர்.டி.எம்.பி." என்ற அதன் துணைப் பகுதியையும் ஏற்ற வேண்டும். மண்டபத்துக் கம்ப்யூட்டரில் "ஓ.பி.எஸ்." என்ற இலவச மென்பொருள் போதும். அது ஒரே ஒரு பிரதியை அனுப்பும். சர்வர் அதைச் சில வினாடித் துண்டுகளாக நறுக்கி, எல்லோருக்கும் கொடுக்கும். அதனால் கெட்டிமேளம் சில வினாடி பிந்தித்தான் கேட்கும்.

யூடியூப் போன்ற நிறுவனங்கள் இதை இலவசமாகவே செய்கின்றன. ஆனால் அங்கே அவர்கள் வைத்ததே சட்டம். சொந்த சர்வர் என்றால் சாவி நம் கையில்!

மறக்கக் கூடாதவை

ரகசியச் சொல் வைக்காவிட்டால் அன்னியர் நுழைந்து விடுவார்கள். பார்ப்பவர் கூடினால் வாடகையும் கூடலாம். முதல் நாளே ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது அவசியம்.

கடலுக்கு அப்பால் இருக்கும் அண்ணனால் அட்சதை தூவ முடியாது. ஆனால், தங்கை கழுத்தில் தாலி ஏறுவதைக் கண்குளிரப் பார்க்கலாம்!