வீட்டுத் தோட்டமும் உடல்நலமும்

வீட்டுத் தோட்டம் என்பது கொல்லை, முற்றம், மொட்டை மாடி போன்ற இடங்களில் குடும்பத் தேவைக்காகக் கீரை, காய்கறி, பழம் ஆகியவற்றை வளர்ப்பதாகும். புதுக்கோட்டை மாவட்டத்தில் பாறைக் குன்றுகள் சூழ்ந்த நார்த்தாமலை போன்ற வறண்ட ஊர்களிலும், நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தினால் இதை அமைக்கலாம்.

ஊட்டச்சத்து

நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் உண்ண வேண்டும் என உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019–21), தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. முருங்கைக்கீரை, அரைக்கீரை, தண்டுக்கீரை முதலியவற்றில் இரும்புச்சத்து உண்டு. ஆனால் தாவர உணவிலுள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்பதில்லை. எலுமிச்சை, நெல்லிக்காய் போன்ற வைட்டமின் சி நிறைந்தவற்றைச் சேர்த்து உண்டால் அது கூடுதலாக உட்கிரகிக்கப்படும். உணவுடன் தேநீரோ காபியோ அருந்தினால் குறையும். கீரை, மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரைக்கு மாற்றாகாது.

உடலும் மனமும்

மண்ணைக் கொத்துதல், களை எடுத்தல், நீர் சுமத்தல் ஆகியவை மிதமான உடற்பயிற்சியாகும். பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடம் இத்தகைய உழைப்பு தேவை. நெதர்லாந்தில் 30 பேரிடம் நடந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில், மன அழுத்தம் தரும் பணிக்குப் பின் அரை மணி நேரம் தோட்ட வேலை செய்தவர்களுக்கு, படித்துக்கொண்டிருந்தவர்களைவிட கார்டிசால் என்னும் அழுத்தச் சுரப்பு அதிகமாகக் குறைந்தது. ஆய்வு சிறியது என்பதால் முடிவைப் பொதுமைப்படுத்த இயலாது.

தொடங்கும் முறை

- நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் வெயில் படும் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.
- முதலில் இரண்டு மூன்று பயிர்கள் போதும். சிறுகீரை சுமார் 25 நாளில் அறுவடைக்கு வரும். வெண்டை ஏறத்தாழ 45 நாளில் காய்க்கத் தொடங்கும். முருங்கையைப் போத்து நட்டு வளர்க்கலாம்.
- மண், மட்கிய தொழுவுரம், தென்னை நார்க்கழிவு கலந்து பைகளில் நிரப்பலாம்.
- செடியடியில் காய்ந்த சருகு அல்லது வைக்கோல் மூடாக்கு இட்டால் ஈரம் காக்கப்படும். அரிசி, காய்கறி கழுவிய நீரை ஊற்றலாம்.
- இப்பகுதிக்குப் பெருமளவு மழை வடகிழக்குப் பருவத்தில் வருவதால், அதற்கு முன் ஆடிப் பட்டத்தில் விதைப்பது நல்லது.

கவனிக்க வேண்டியவை

தொட்டித் தட்டுகளில் நீர் தேங்கினால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பெருகும். ஆகவே வாரம் ஒருமுறையேனும் அவற்றைக் காலி செய்து தேய்த்துக் கழுவ வேண்டும். மண்ணில் காயம் பட்டால் சோப்பு நீரில் கழுவி, டெட்டனஸ் தடுப்பூசி குறித்து மருத்துவரைக் கேட்க வேண்டும். மட்காத சாணத்தை உண்ணும் கீரைமேல் இடக்கூடாது. அறுத்த கீரையை ஓடும் நீரில் பலமுறை அலச வேண்டும். கோடையில் வேலையைக் காலை அல்லது மாலையில் வைத்துக்கொண்டால் வெப்பப் பாதிப்பைத் தவிர்க்கலாம்.