பென்னும் பெண்ணும்

சென்ற தவணையில் மேல்வகுப்பு மாணவன் ஒருவன் பெருமகிழ்ச்சியோடு என்னிடம் வந்தான். பண்டை ஐரிஷ் மொழியிலே மகளைக் குறிக்காது, பொதுவாக மகளிரைக் குறிக்கும் சொல் ‘பென்’ என்று ஒரு நூலிற் கண்டானாம். “ஐயா, தமிழ் அயர்லாந்து வரை சென்றதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?” என்பது அவன் வினா. அவன் மகிழ்ச்சியைக் கெடுக்க எனக்கு மனமில்லை. எனினும், ஆராயாத ஒன்றை உண்மையென்று மாணவன் கையிற் கொடுத்தனுப்புதல் ஆசிரியனுக்கு அறமன்று. ஆதலின் இருவரும் அச்சொல்லின் வரலாற்றை ஆராயப் புகுந்தோம்.

முதலில் ஒலியை நோக்குவோம். ஐரிஷ் சொல்லின் முதலெழுத்து நம் ‘பெண்’ என்பதிலுள்ள வல்லோசைப் பகரமன்று. ‘கம்பம்’ என்பதன் இடையே மெலிந்தொலிக்கும் பகரம். நம் எழுத்து இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டாமையால், ஒப்புமை உள்ளதினும் மிகுந்து தோன்றுகின்றது.

இனி வேற்றுமை. பண்டை ஐரிஷில் எழுவாய், விளி, இரண்டாவது, நான்காவது, ஆறாவது என்னும் ஐந்து வேற்றுமைகளும், ஒருமை, இருமை, பன்மை என்னும் மூன்று எண்களும் உள. ஒருமை எழுவாய் ‘பென்’. ஆறாம் வேற்றுமையிலோ அது ‘ம்னா’ ஆகின்றது, நான்காவதில் ‘ம்னாய்’. பன்மை எழுவாயும் ‘ம்னா’; பன்மையின் ஆறாவது ‘பன்’. இன்றும் அயர்லாந்தின் பொதுவிடங்களில் மகளிர்க்குரிய கழிப்பறைக் கதவில் ‘ம்னா’ என்றே எழுதியிருப்பர்.

ஒரு சொல்லுக்கு இத்துணை வேறுபட்ட உருவங்கள் ஏன்? இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் இச்சொல்லின் அடி ‘க்வென்’ என்பது போல்வது. கெல்திய மொழிகளில் அம்முதலொலி இதழொலியாய்த் திரிய, ‘பென்’ பிறந்தது. ஆறாம் வேற்றுமையில் அடியின் எகரம் இன்மையால் ‘ப்னாஸ்’ என நின்றது. பின்னர் னகரத்தை அடுத்த இதழொலி, தன் இனமான மகரமாய்த் திரிந்து, ஈறும் கெட்டு, ‘ம்னா’ ஆயிற்று. அறிஞர் ஊகித்த இந்தப் ‘ப்ன்’ என்னும் நிலைக்குக் கல்வெட்டுப் போன்ற சான்றும் பின்னர்க் கிடைத்தது. 1983இல் தென் பிரான்சின் லார்சாக் என்னுமிடத்தில் அகப்பட்ட ஈயத்தகட்டில், பண்டைக் கோலிய மொழியில், ‘மகளிரது’ என்னும் பொருளுடைய ‘ப்னானொம்’ என்ற சொல் காணப்படுகின்றது.

இவ்விலக்கணத்தை உலகறியச் செய்தவரும் ஓர் ஆசிரியரே. ஐரிஷ் துறவியர் இலத்தீன் ஏடுகளைப் பயிலுங்கால், வரிகளுக்கிடையே தம் தாய்மொழியில் அரும்பதவுரை எழுதி வைத்தனர். அவ்வேடுகள் வூர்ஸ்பூர்க், செயின்ட் கால், மிலான் முதலிய நகரங்களில் எஞ்சின. பவேரியரான யோஹான் காஸ்பர் சொய்ஸ் அவற்றை ஆராய்ந்து, 1853இல் கெல்திய இலக்கணத்தை இலத்தீனில் வெளியிட்டார். மூன்றாண்டில், 1856இல், அவர் காலமானார்.

இனி, மாணவனின் வினாவுக்கு வருவோம். உறவுடைய சொற்கள் காலத்தாற் பின்னோக்கிச் செல்லச் செல்ல நெருங்கி வரும். கிரேக்கத்தில் ‘குனே’, வேதமொழியில் ‘ஜனி’, ‘க்னா’, ஆங்கிலத்தில் அரசியைக் குறிக்கும் ‘குயீன்’ ஆகியன இன்று நோக்கின் ‘பென்’ என்பதனோடு ஒவ்வா. பின்னோக்கிச் சென்றால் யாவும் ‘க்வென்’ என்னும் ஓரடியிற் சேரும். நம் ‘பெண்’ணோ மலையாளத்தில் ‘பெண்’, கன்னடத்தில் ‘ஹெண்ணு’ என நின்று, பகர முதலையே பழமையாகக் காட்டுகின்றது. பெண்ணை, பெண்ணுக்கு, பெண்ணின் என உருபேற்கும்போதும் தன் அடி சிதையாது. ‘பென்’னும் ‘பெண்’ணும் பின்னோக்கிச் செல்லுந்தோறும் விலகுகின்றனவேயன்றி நெருங்குகின்றில.

மாணவன் சிறிது நேரம் வாளாவிருந்தான். பின்பு, “அப்படியானால், ஐயா, குயீன்தான் பென்னுக்கு உடன்பிறந்தாளா?” என்றான்.

“ஆம். முகம் வேறுபட்டும் உறவாவது அது, முகம் ஒத்தும் உறவாகாதது இது” என்றேன். தமிழின் பெருமை கடல் கடந்த ஒரு சொல்லின் தற்செயல் ஒப்புமையில் தங்கியிருக்கவில்லை. சொல்லைச் சொல்லோடு ஒட்டிப் பார்த்து மகிழ்வது எளிது. அதன் வேற்றுமைகளையும் உறவினரையும் விசாரித்தறிவதே ஆராய்ச்சி. அம்மாணவன் இப்பொழுது ஐரிஷ் வேற்றுமை வாய்பாட்டைத் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறான்.