டார்கெட்டைப் பிடிக்கலாம்... உடம்பை அடக்கலாமா?

உங்கள் வீட்டில் இன்சூரன்ஸ் ஏஜென்ட் யாராவது இருக்கிறாரா? பைக், வீட்டு மனை, கிரெடிட் கார்டு என்று எதையாவது விற்று, அதில் வரும் கமிஷனில் குடும்பம் நடத்துகிறவர் இருக்கிறாரா? அப்படியானால் இந்தக் கட்டுரையை முதலில் நீங்கள் படியுங்கள். அவருக்கு இப்போது நேரம் இருக்காது!

சில வருடங்களுக்கு முன், ஒரு மார்ச் 30-ம் தேதி. மதியம் 3 மணி. திருநெல்வேலியில் என் கிளினிக்கைப் பூட்டிவிட்டுச் சாப்பிடக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பைக்கில் வந்து இறங்கினார் ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட். 42 வயது. எனக்குப் பல வருடப் பழக்கம். சட்டை முழுக்க வியர்வை.

"ஐயா, நெஞ்சுல வாயு பிடிச்ச மாதிரி இருக்கு. காலையில இருந்து வெறும் டீதான். ஏதாவது சூரணம் குடுங்க, வாயில போட்டுட்டு ஓடிடுறேன். நாளைக்கு கிளோசிங்!"

"இடது கை எப்படி இருக்கு தம்பி?"

"கொஞ்சம் கனமா இருக்கு. பேக் தூக்குனதுல இருக்கும்..."

நான் சூரண டப்பாவைத் தொடவே இல்லை. அவரை உட்கார வைத்துவிட்டு 108-க்குப் போன் செய்தேன். ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்தார்கள். மாரடைப்பு! நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் பிழைத்தார்.

மறுநாள் பார்க்கப் போனேன். மார்பில் ஒயர்களோடு படுத்திருந்தவர் என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"ஐயா, பையில ரெண்டு செக் இருக்கு. இன்னிக்குள்ள கட்டணும். யார்கிட்டயாவது குடுத்து அனுப்ப முடியுமா?"

பக்கத்தில் நின்ற அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அவரைத் திட்டத் தோன்றுகிறதா? எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்தால் திட்ட மாட்டீர்கள்.

பூஜ்யத்தில் பிறக்கும் மாதம்

மாதச் சம்பளக்காரருக்கு ஒன்றாம் தேதி கையில் பணம் புரளும் நாள். கமிஷன்காரருக்கோ, போன மாதம் எவ்வளவு விற்றிருந்தாலும் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிற நாள்.

ஆரம்பத்தில் மாமா, சித்தப்பா, கூடப் படித்தவர்கள் என்று ஆளுக்கொரு பாலிசி எடுப்பார்கள். அந்தப் பட்டியல் தீர்ந்த பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பம். கல்யாண வீட்டில் இவரைப் பார்த்ததும் பந்தியில் வேறு வரிசைக்குப் போகிறவர்கள் உண்டு. அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் சிரிக்க வேண்டும்.

ஆயுள் காப்பீட்டில் பெரும்பாலும் முதல் வருடப் பிரீமியத்துக்குத்தான் பெரிய கமிஷன். பிறகு குறைந்துவிடும். அதனால் புது ஆள் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். பாலிசி எடுத்தவர் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க, 2024-ல் வந்த விதிப்படி 30 நாள் அவகாசம் உண்டு. வாடிக்கையாளருக்கு அது நல்ல பாதுகாப்பு. ஆனால் அவர் திருப்பினால் ஏஜென்ட்டின் கமிஷனும் திரும்பிப் போகும்.

இன்னொன்றும் நடக்கிறது. டார்கெட்டுக்கு ஒரு பாலிசி குறைந்தால், "முதல் தவணையை நானே கட்டிடுறேன் சார், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க" என்பார்கள். கமிஷனில் பங்கு தந்து ஆள் பிடிப்பதை 1938-ம் வருட இன்சூரன்ஸ் சட்டத்தின் 41-வது பிரிவு தடை செய்கிறது. இருந்தும் மார்ச் மாதத்தில் பல வீடுகளில் மனைவியின் செயின் அடகுக் கடைக்குப் போவது இதற்காகத்தான்.

14 வேகங்கள்

1964-ல் தொடங்கிய பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நான் படித்தவன். அங்கே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடங்களில் ஒன்று, 14 வேகங்கள். கீழ்க்காற்று, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், விந்து, மூச்சு. உடம்பு தானாகக் கேட்கிற இவற்றை அடக்கினால் நோய் என்பது சித்த மருத்துவத்தின் அடிப்படைகளில் ஒன்று.

கமிஷன் வேலைக்கு வருகிறவர் முதலில் கற்றுக்கொள்வது என்ன? இவற்றை அடக்கத்தான்!

பசி: "இதோ, அஞ்சு நிமிஷத்துல சார் கூப்பிடுவார்" என்று வரவேற்பறையில் உட்கார்ந்தே மதியச் சாப்பாடு போய்விடும். பசித்த வயிற்றில் டீ மேல் டீ. பித்தம் ஏறாமல் என்ன செய்யும்? நெஞ்செரிச்சலும் புளியேப்பமும் குடியேறும். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் பட்டினி கிடந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி, வண்டி ஓட்டும்போதே மயக்கம் வரலாம்.

தாகமும் சிறுநீரும்: வங்கி ஒன்றுக்காக வீடு வீடாகப் போய்க் கடன் அட்டை விற்கும் பெண் ஒருத்தி, நீர்க்கடுப்போடு என்னிடம் வந்தாள். "தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும் ஐயா. எங்க போறது? அதான் குடிக்கிறதே இல்ல" என்றாள். அவளுக்கு நான் என்ன கஷாயம் கொடுத்து என்ன பயன்? அடக்கினால் தொற்று. குடிக்காவிட்டால் கல்.

தூக்கம்: படுத்த பிறகும் மேனேஜரின் வாட்ஸ்அப் செய்தி வரும். "இன்னிக்கு எத்தனை?" யார் முதலிடம், யார் கடைசி என்று பட்டியலும் வரும். கண் மூடினாலும் மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும்.

கண்ணீர்: நாள் முழுக்க முகத்தில் அறைகிற மாதிரி "வேண்டாம்" என்ற சொல். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்ள வேண்டும். கண்ணீரை அடக்கினால் பீனிசம், கண் நோய், குன்மம் என்று எங்கள் பாடத்தில் வரும். அன்று மனப்பாடம் செய்தேன். இவர்களைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

வீட்டில் என்ன செய்யலாம்?

டார்கெட்டை நீங்கள் குறைக்க முடியாது. மற்றதெல்லாம் உங்கள் கையில் இருக்கிறது.

• காலையில் வெறும் வயிற்றோடு வெளியே விடாதீர்கள். நாலு இட்லியோ, மோர் கலந்த கேழ்வரகுக் கூழோ போதும். டீ அதற்குப் பிறகு.

• பையில் பாலிசிப் படிவங்களோடு சீரகத் தண்ணீர் ஒரு பாட்டில், இரண்டு வாழைப்பழம், ஒரு பிடி பொட்டுக்கடலை வைத்து அனுப்புங்கள். சாப்பிட நேரமில்லாத நாளில் இதுவே கைகொடுக்கும். சர்க்கரை நோயாளி என்றால் வாழைப்பழத்துக்குப் பதில் கொய்யா.

• வாரம் ஒரு நாளாவது நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிக்கச் சொல்லுங்கள். ஆஸ்துமா, சைனஸ் தொல்லை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள். அன்று போன் கொஞ்ச நேரம் அலமாரிக்குள் இருக்கட்டும்!

• நல்ல மாதத்து வருமானத்தை நம்பித் தவணைக் கடன் வாங்காதீர்கள். கடந்த 12 மாதங்களில் எந்த மாதம் குறைவாக வந்ததோ, அந்தத் தொகைக்குள் வீட்டுச் செலவை அமையுங்கள். மருத்துவன் ஏன் பணக் கணக்கு பேசுகிறான் என்கிறீர்களா? கடன் பயம் குறைந்தால் பாதித் தூக்கம் தானாக வரும். இதற்கு ஈடான சூரணம் என்னிடம் இல்லை.

• வீட்டுக்குள் நுழைந்ததும் "இன்னிக்கு எத்தனை முடிஞ்சுது?" என்று கேட்காதீர்கள். அதை மேனேஜர் ஏற்கனவே கேட்டுவிட்டார். "சாப்பிட்டீங்களா?" என்று கேளுங்கள். அவர் பேச ஆரம்பித்தால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். கண் கலங்கினால் கலங்கட்டும்.

இதை மறக்காதீர்கள்

நெஞ்சு இறுக்கம், தோள், கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுத் திணறல். இவை வந்தால் "வாயுதான்" என்று பெருங்காயத்தையும் சோடாவையும் தேடாதீர்கள். என்னைப் போன்ற சித்த மருத்துவரையும் தேட வேண்டாம். நேராக இ.சி.ஜி. எடுக்கும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அல்லது 108-ஐ அழையுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயத்துக்கான மாத்திரைகளை யார் சொன்னாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அந்த இன்சூரன்ஸ்காரர் என்ன ஆனார் என்றுதானே கேட்கிறீர்கள்? அந்த இரண்டு செக்கும் போய்ச் சேரவில்லை. அந்த வருட டார்கெட்டும் போனது. மறுநாள் ஏப்ரல் 1. எல்லா ஏஜென்ட்டுக்கும் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கியது... படுக்கையில் கிடந்த அவருக்கும்தான்!

இதய டாக்டர் கொடுத்த மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிடுகிறார். இன்றும் பாலிசி விற்கிறார். போன மாதம் மதியம் 1 மணிக்கு ஒரு மர நிழலில் பைக்கை நிறுத்தி, டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுக்கலையா தம்பி?" என்றேன்.

"அடிக்கட்டும் ஐயா. சாப்பிட்டுட்டுக் கூப்பிடலாம்" என்றார்.