காப்புறுதி இருந்தும் கைப்பணம் ஏன்?

“ஆண்டுதோறும் சந்தா கட்டுகிறோமே, பிறகு ஏன் மருத்துவமனையில் நம்மிடமும் பணம் கேட்கிறார்கள்?” சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. விடை, ‘டிடக்டிபள்’ என்ற சொல்லில் இருக்கிறது. காப்புறுதி பணம் கொடுக்கத் தொடங்குவதற்கு முன் நோயாளி ஏற்க வேண்டிய முதல் தொகைதான் அது. சிறு கட்டணத்தை நோயாளி பார்த்துக்கொள்வார், பெருங்கட்டணத்துக்கே காப்புறுதி என்பது கணக்கு. 2015 நவம்பரில் தொடங்கிய மெடிஷீல்டு லைஃப் திட்டத்திலும் இந்த ஏற்பாடு உண்டு.

தனியார் மருத்துவமனைக்கான ஒருங்கிணைந்த திட்டம் வைத்திருக்கும் 50 வயதுக் குடும்பத் தலைவரை எடுத்துக்கொள்ளலாம். ரைடர் எனப்படும் கூடுதல் திட்டம் அவரிடம் இல்லை. டிடக்டிபள் 3,500 வெள்ளி. அறுவை சிகிச்சைக்கு 20,000 வெள்ளி ஆகிறது. முதலில் 3,500 அவருடையது. மிச்சமுள்ள 16,500 வெள்ளியில் பத்து விழுக்காடு, அதாவது 1,650 வெள்ளியும் அவருடையதே. மொத்தம் 5,150 வெள்ளி. எஞ்சிய 14,850 வெள்ளியைக் காப்புறுதி கொடுக்கும்.

அதே திட்ட ஆண்டுக்குள் அவர் மீண்டும் சேர்க்கப்பட்டு 8,000 வெள்ளி செலவானால், டிடக்டிபள் கிடையாது. 800 வெள்ளி கட்டினால் போதும். ஆனால் மனைவி சேர்க்கப்பட்டால்? அவருக்குத் தனியாக 3,500. பலர் தடுமாறுவது இங்குதான். குடும்பத்துக்கு ஒரே டிடக்டிபள் என்பது இங்கு இல்லை, ஆளுக்கு ஒன்று. 80 வயதைத் தாண்டிய பெற்றோருக்குத் தொகை இன்னும் கூடும்.

திட்ட ஆண்டு ஜனவரியில் தொடங்குவதல்ல, திட்டம் புதுப்பிக்கப்படும் நாளில் தொடங்குவது. மார்ச்சில் ஒரு கண்ணுக்குப் புரை நீக்கி, மறு கண்ணுக்கு ஜூலையில் நாள் குறித்தால், இடையே மே மாதம் திட்டம் புதுப்பிக்கப்பட்டிருந்தால், டிடக்டிபள் மறுபடியும் விழும். அவசரமில்லாத சிகிச்சை என்றால் மருத்துவரிடம் தேதியைப் பேசிப் பார்ப்பதில் தவறில்லை.

நோயாளியின் பங்கை மெடிசேவிலிருந்து கட்டலாம்; பிள்ளைகளின் மெடிசேவும் பெற்றோருக்கு உதவும். ஆனால் எடுக்கும் தொகைக்கு வரம்பு உண்டு. தனியார் மருத்துவமனையில் வரம்புக்கு மேற்பட்டது ரொக்கமே.

ரைடர் காப்பாற்றும் என்று இருப்போர் கவனிக்க வேண்டியது ஒன்று. 2026 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் புதிய ரைடர்கள் குறைந்தபட்ச டிடக்டிபளை ஏற்கக்கூடாது என்று சுகாதார அமைச்சு 2025 நவம்பரில் அறிவித்தது. பழைய ரைடரைக் கைவிட்டுப் புதியதற்கு மாறுமுன், சந்தா எவ்வளவு குறைகிறது என்பதோடு, வீட்டில் எத்தனை பேருக்கு 3,500 வெள்ளி தேவைப்படலாம் என்பதையும் முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.